கடிகாரத்துக்குள் கங்கை!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

காலை பத்து மணி. டாக்குரியா ரயில் நிலையத்தை ஒட்டிய சின்ன வாட்ச் கடையில் டெலிபோன் அலறியது.

விஜயா கண்ணில் இடுக்கியிருந்த லென்ஸை எடுத்துவிட்டு ரிஸீவரை எடுத்தாள். பெங்களூரில் ஒரு வாட்ச் ஃபாக்டரியில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள். பாங்கில் வேலை பார்க்கும் கணவனுக்கு மாற்றல் வர, கல்கத்தாவில் கடை போட்டவள்.

"ஹலோ..."

"போலீஸ். டெபுடி கமிஷனர் அனந்தகிருஷ்ணன் பேசறேன். டைவர் செல்வராஜைத் தெரியுமா?"

தமிழ்!

"தெரியும் சார். ஆத்துல முழுகின படகையெல்லாம் தூக்கற கம்பெனில இருக்காரே... அவர்தானே?"

"நேத்து சாயந்தரம் செத்துட்டார்."

ரிஸீவர் நழுவப் பார்த்தது.

"போன செவ்வாய்க்கிழமை அவர் வாட்ச்ல பாட்டரி மாத்தினது நீங்கதானே?"

"ஆ... ஆமாம் சார்."

"அந்த வாட்ச்தான் அவரைக் கொன்னிருக்கு. உடனே கார்டன் ரீச்ல இருக்கற அவர் கம்பெனிக்கு வாங்க!"

*

கங்கைக் கரையில் கம்பெனி ஆபீஸ்.

மேஜை மேல் அந்த க்வார்ட்ஸ் டைவிங் வாட்ச். பட்டையெல்லாம் காய்ந்த சேறு. கண்ணாடிக்கு உள்ளே... தண்ணீர்! மணி மூன்று இருபதில் முட்கள் உறைந்திருந்தன.

"இவங்கதானா அந்த வாட்ச்காரி?" சூபர்வைசர் விஸ்வநாதன் சிவந்த கண்களோடு சீறினான். "தங்கமான மனுஷனைக் கொன்னுட்டியேம்மா!"

"விவரமாச் சொல்லுங்க," என்றார் அனந்தகிருஷ்ணன். நரைத்த மீசை. எவரையும் நம்பாத பார்வை.

"மூணு மணிக்கு இறங்கினான் சார். ஸிலிண்டர்ல நாற்பது நிமிஷத்துக்குத்தான் காத்து. ஆத்துக்கு அடியில கும்மிருட்டு. பச்சையா மின்னற அந்த முள்ளைப் பார்த்துத்தான் மேல வரணும். இருபதாவது நிமிஷத்துலயே வாட்ச் நின்னுடுச்சு. இன்னும் நேரம் இருக்குன்னு உள்ளேயே இருந்துட்டான். காத்து தீர்ந்துபோச்சு..."

விஜயா வாட்ச்சை உற்றுப் பார்த்தாள்.

நான்தானா?

மூடிக்குக் கீழே இருக்கும் ரப்பர் வளையம். அதில் ஒற்றைத் தலைமுடி சிக்கினால்கூட தண்ணீர் புகுந்துவிடும். சிக்கியிருந்ததா? அன்று வளையத்தைத் துடைத்தாள். சிலிகான் கிரீஸ் தடவினாள். மூடியை முறுக்கினாள். காற்றழுத்தக் குடுவையில் வைத்து, தண்ணீரில் இறக்கிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லையே!

"சார்... இதை நான் திறந்து பார்க்கலாமா?"

"விடாதீங்க சார்!" விஸ்வநாதன் பாய்ந்தான். "ஆதாரத்தை அழிச்சுடுவா!"

அனந்தகிருஷ்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் கண் முன்னாடி திறக்கட்டும்."

வெள்ளைப் பீங்கான் சாஸர் ஒன்றை வாங்கிக்கொண்டாள். வாட்ச் திறக்கும் சாவியால் பின்மூடியைத் திருகினாள். வாட்ச்சைக் கவிழ்த்தாள்.

சொட்... சொட்... சொட்...

சாஸரையே வெறித்தாள்.

"என்னம்மா?"

"சார்... பட்டையில சேறு. மூடி விளிம்புல சேறு. உள்ளே இருந்த தண்ணி மட்டும் எப்படி சார் இவ்வளவு தெளிவா இருக்கு?"

அனந்தகிருஷ்ணன் சாஸர் மேல் குனிந்தார்.

"ரப்பர் வடிகட்டியிருக்கும்!" என்றான் விஸ்வநாதன் அவசரமாக.

"அப்ப ரப்பர் மேல சேறு படிஞ்சிருக்கணும் சார். விரல் வச்சுப் பாருங்க. துளி அழுக்கு இல்ல. நான் தடவின கிரீஸையும் காணோம். யாரோ துடைச்சிருக்காங்க! இது கங்கைத் தண்ணியே இல்ல சார்... குழாய்த் தண்ணி! வாட்ச் ஆத்துலேர்ந்து வெளிய வந்தப்புறம் முள்ளை மூணு இருபதுக்குத் திருப்பி வச்சு, திறந்து ஊத்தியிருக்காங்க!"

அனந்தகிருஷ்ணன் மெல்லத் திரும்பினார்.

"செல்வராஜை மேல தூக்கினது யாரு?"

"நா... நான்."

"வாட்ச்சைக் கழட்டினது?"

"நான்தான் சார்."

"ஆனா என்கிட்ட கொடுத்தது ஒன்றரை மணி நேரம் கழிச்சு. நடுவுல எங்கே இருந்தது... உங்க பாத்ரூம்லயா?"

விஸ்வநாதன் வியர்வையைத் துடைத்துக்கொண்டான். பிறகு... சிரித்தான்!

"சரி சார். ஊத்தினேன்னே வச்சுக்கோங்க. அதனால கொலை ஆயிடுமா? கீழே என்ன நடந்ததுன்னு செல்வராஜே எழுந்து வந்து சொன்னாத்தான் உண்டு!"

"சொல்லிட்டாரே!"

"எ... என்னது?"

"ஆம்புலன்ஸ்லயே மூச்சு திரும்பிடுச்சு விஸ்வநாதன். செத்துட்டார்னு சொல்லச் சொன்னது நான். இன்னிக்கு விடிகாலையில கண்ணைத் திறந்தார். சேத்துல கால் புதைஞ்சு கிடந்தாராம். பதினஞ்சு நிமிஷத்துலயே காத்து நின்னுபோச்சாம். தூக்கச் சொல்லி நாலு தடவை இடுப்புல கட்டின கயித்தை இழுத்தாராம். மேல நின்ன நீங்க அசையலையாம்!"

விஸ்வநாதன் சுவரோடு ஒட்டினான்.

"முழுகின படகுலேர்ந்து பித்தளை வால்வுகளை நீங்க கழட்டி விக்கறது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் ஸிலிண்டரைப் பாதிகூட நிரப்பாம இறக்கினீங்க. பழியை வாட்ச் மேல போட்டுட்டீங்க."

விஜயா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்கள் பொங்கின.

"சார்... அவர் நெஜமாவே உயிரோட இருக்காரா?"

"இருக்கார்மா. கஞ்சி குடிக்கறார். அவர் சொல்றதுக்கும் இவர் சொல்றதுக்கும் நடுவுல, மாத்திப் பேசாத சாட்சி ஒண்ணு எனக்கு வேண்டியிருந்தது. அதை நீங்க சாஸர்ல ஊத்திக் கொடுத்துட்டீங்க. உங்களையும் சந்தேகப்பட்டேன். மன்னிச்சுக்கோங்க."

கான்ஸ்டபிள் விலங்கோடு முன்னால் வந்தான்.

"சொலுன் தாதா..." என்றான் வங்காளத்தில். கிளம்புங்க அண்ணா!

"வ... வக்கீலுக்குப் போன் பண்ணணும்," என்று குழறியபடி விஸ்வநாதன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். "மணி... மணி என்ன ஆச்சு?"

அனந்தகிருஷ்ணன் அவன் கையிலிருந்த வாட்ச்சைப் பதமாகக் கழற்றினார்.

"இது எதுக்கு உங்களுக்கு? போற இடத்துல மணி பார்க்கற வேலை இல்லே விஸ்வநாதன்... காலண்டர் போதும்!"