மூன்றாம் மாடியின் தாங்களவு

காலையில் தண்ணீர் பிடித்துத் திரும்பியவர்கள் எடைவாயிலின் முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் பலகையில் ஏறியதும், அவருடைய மாடியில் இன்னும் எத்தனை கிலோ மீதம் என்று வாயில் சொன்னது. ஒரு பெண் குடத்திலிருந்து கொஞ்சம் தண்ணீரைச் சாய்த்துவிட்டு மறுபடி ஏறினாள். யாரும் அதை வேடிக்கை பார்க்கவில்லை.

ஜெனோவா கருவிப் பையோடு உள்ளே போனாள். அவள் கட்டட ஆய்வர். ஆய்வர்களுக்கு வாயிலில் விலக்கு உண்டு. தூத்துக்குடியில் கடலைப் பார்த்து நிற்கும் இந்தக் குடியிருப்பில் மூன்றாம் மாடியைச் சோதிக்க வேண்டும் என்று தாங்குமையம் உத்தரவு அனுப்பியிருந்தது.

ஆற்றில் மணல் தீர்ந்து, புதிதாக ஒரு சுவர்கூட எழும்பாமல் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. வெளியே வெயில் ஆளைக் கொன்றுவிடும். தடித்த சுவருக்குள் இருந்தால்தான் உயிர். பழைய கட்டடங்களோ உப்புக் காற்றில் உள்ளுக்குள் இற்றுக்கொண்டிருந்தன. அதனால் ஒவ்வொரு மாடிக்கும் தாங்குமையம் தாங்களவு வகுத்தது. கான்கிரீட் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு எடைக்குத்தான் அங்கே குடியிருக்க உரிமை. பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் எப்போதோ வெளியேறிவிட்டன. குறைக்க இனி மனிதர்கள்தான் மிச்சம்.

மையம் குறித்திருந்த வெளித்தூணில் ஜெனோவா பூச்சைச் சுரண்டி, இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி, ஒலித்துடிப்புமானியின் குமிழ்களை வைத்து அழுத்தினாள். ஒரு பக்கம் புறப்படும் ஒலி மறுபக்கம் வந்து சேரும் வேகத்தை வைத்துக் கான்கிரீட்டின் நிலை தெரியும். அளவு அவள் கண்ணில் படும்போதே மையத்துக்கும் போய்விடும். திருத்த வழியில்லை.

ஐம்பது கிலோ குறைக்க வேண்டும் என்று பதில் வந்தது.

கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது சட்டம். அந்த மாடிக்குக் கடைசியாக வந்தது, போன மாதம் பிறந்த ஒரு பெண்குழந்தை. அதற்கு முன்னால் வந்தவள் குழந்தையின் தாய் மெர்சலின், அந்த மாடியிலேயே பிறந்து வளர்ந்த ஜாஸ்பரைக் கட்டிக்கொண்டு வந்தவள். இரண்டு பேர் எடையும் சேர்ந்தால் கணக்குச் சரியாகிவிடும்.

ஜாஸ்பர் ஜெனோவாவின் முன்னால் வந்து நின்றான்.

“மேடம், அந்தத் தூணு கடல்காத்துலயே நிக்கது. இத்துத்தான் போவும். உள்ள நடுத்தூணு இருக்கு, அதத் தட்டிப் பாருங்க. மறுசோதனை கேக்க எங்களுக்கு உரிமை இருக்குல்லா?”

“இருக்கு. ஆனா நடுத்தூணு இதவிட மோசமா இருந்தா, அந்த அளவத்தான் எடுத்துக்கிடுவாங்க. நல்லா இருந்தா மட்டும்தான் மாடியோட அளவு கூடும்.”

பக்கத்து வீட்டுப் பிச்சையா சொன்னார்: “நல்ல தூணு மேடம். ஒரு கீறல் கெடையாது. பச்சப்புள்ளையோட எங்க போவா அந்தப் பொண்ணு? நாங்க எல்லாரும் சேந்தே கேக்கோம்.”

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஜெனோவா தூணைச் சுற்றி வந்து பார்த்தாள். விரிசல் இல்லை, துருக்கறை இல்லை. அவளுக்கும் நம்பிக்கை வந்தது. முதலில் சுத்தியல் கருவியை வைத்து அழுத்தினாள். சுத்தியல் திரும்பி எகிறும் அளவைக் காட்டும் எண் நன்றாக இருந்தது. அடுத்த இடத்தில் இன்னும் நன்றாக இருந்தது. பிச்சையா சிரித்துவிட்டார். மெர்சலின் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

ஆனால் சுத்தியல் மேற்பரப்பைத்தான் சொல்லும். வயதான கான்கிரீட்டின் தோல் காய்ந்து இறுகிப்போயிருக்கும். ஜெனோவா கிரீஸ் தடவிக் குமிழ்களை வைத்தாள். ஒலி உடனே வந்து சேரவில்லை. எண் மிகக் கீழே நின்றது. ஒரு சாண் தள்ளி வைத்தாள், கீழே இறக்கி வைத்தாள். எல்லா இடத்திலும் அப்படித்தான். வார்த்த நாளிலேயே கலவை சரியாக இறங்காமல் தூணின் உட்பக்கம் பொத்தலாகக் கிடந்திருக்கிறது. இத்தனை பேரும் அதைச் சுற்றித்தான் படுத்து எழுந்திருக்கிறார்கள்.

“என்ன மேடம்?” என்றான் ஜாஸ்பர்.

அவள் வாயைத் திறப்பதற்குள் சுவரிலிருந்த ஒலிபெருக்கி சொல்லிவிட்டது. மூன்றாம் மாடி முழுவதும் காலி செய்யப்பட வேண்டும்.

பிச்சையா ஜாஸ்பரின் சட்டையைப் பிடித்தார். “ஒன்ன யாருல கேக்கச் சொன்னா? ரெண்டு பேரோட போயிருக்கும்லா!” அவரும் சேர்ந்துதான் கேட்டார் என்பதை ஜாஸ்பர் சொல்லவில்லை. பிடித்த கை தானே தளர்ந்தது. பிச்சையா தூணில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார்.

“நாந்தான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும்” என்றாள் ஜெனோவா. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மாலைக்குள் மையம் இடம் ஒதுக்கியது. வேறு கட்டடங்களில் எங்கே எத்தனை கிலோ மீதமோ, அங்கே அத்தனை எடைக்கு ஆட்கள். குடும்பம் என்ற கணக்கு அதில் இல்லை. ஜாஸ்பருக்கு எட்டயபுரம். மெர்சலினுக்கும் குழந்தைக்கும் விளாத்திகுளம். முறையிட வழி உண்டா என்று ஜெனோவா கேட்டுப் பார்த்தாள். மறுசோதனை முடிந்துவிட்டதால் இனி இல்லை என்று மையம் சொன்னது.

வண்டி வந்தது. மெர்சலின் துணிகளை மூட்டை கட்டும்வரை ஜெனோவா குழந்தையை வைத்திருந்தாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது.

“அக்கா, அங்க எவ்வளவு மிச்சம் இருக்காம்?” என்று மெர்சலின் கேட்டாள்.

“அறுபது கிலோ.”

மெர்சலின் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு குழந்தையை வாங்கினாள். முகத்தில் கோபம் இல்லை. மனதுக்குள் ஏதோ கூட்டிக் கழித்துப் பார்க்கிறவள்போல் இருந்தாள்.

“இந்த மூட்டையும் சேத்து எங்க ரெண்டு பேருக்கும் இப்போ சரியாத்தான் இருக்கு. ஆனா இவ வளருவாளே.”

மெர்சலின் குழந்தையின் தலைமேல் துணியை இழுத்துவிட்டாள்.

“பரவால்லக்கா. இவ வளர வளர, நான் மெலிஞ்சுக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.