இரண்டு பக்கமும் அடைத்த வழி

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே லிஜாவின் இடுப்பு மாட்டிக்கொண்டது. நேற்றுவரை துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீசி நடந்த இடம். இன்று பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி, முதுகு உரசத்தான் வெளியே வர முடிந்தது. சிமெண்டின் பச்சை வாடை இன்னும் போகவில்லை. உள்ளங்கையை வைத்தால் சுவர் ஈரமாக, காய்ச்சல்காரன் நெற்றியைப் போலச் சூடாக இருந்தது.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம்.

"தள்ளிட்டா! ராங்கிக்காரி, சுவரத் தள்ளிட்டா!"

சுவருக்கு அந்தப் பக்கம் கிளாராவின் வீடு. லிஜாவின் கணவன் ஆன்ட்ரூசுக்கு அண்ணன் ததேயுஸ். அவன் மனைவிதான் கிளாரா. இனயம் என்ற மீனவ ஊரில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டியபோது உள்ளுக்குள்ளேயே போய்வர ஓர் இடைவழி விட்டார்கள். பேர்தான் வழி, இந்தக் கதவில் நின்று கை நீட்டினால் அந்தக் கதவைத் தொடலாம். பிள்ளையில்லாத கிளாராவுக்கு லிஜாவின் மகள் ஜிஷாதான் உயிர். ஞானஸ்நானத்தில் அவளை ஏந்திய ஞானத்தாயும் கிளாராதான். விடிந்தால் பிள்ளை அங்கே. சோறு அங்கே, தூக்கம் அங்கே. பெற்றவள் எதற்கு, பாத்திரம் கழுவவா?

போன மாதம் ஜிஷாவுக்குப் புதுநன்மை, முதன்முதலாகக் கோயிலில் நற்கருணை வாங்கும் நாள். ஞானத்தாய் துணி எடுப்பதுதான் முறை என்று கிளாரா வெள்ளை உடுப்போடு வந்தாள். லிஜா வேண்டுமென்றே தான் எடுத்ததைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டாள். கோயில் முற்றத்திலேயே சண்டை நாறிப்போனது. மறுநாள் லிஜா கொத்தனாரைக் கூட்டிவந்து தன் பக்கத்துக் கதவைப் பெயர்த்துச் செங்கல் வைத்து அடைத்தாள். ஒரு சுவர் போதாதா? நான் மட்டும் இளைத்தவளா என்று கிளாராவும் தன் பக்கத்தை அடைத்தாள். நடுவில் அந்தத் துண்டு இருட்டு யாருக்கும் இல்லாமல் கிடந்தது.

லிஜா சுவரை ஓங்கி அறைந்தாள். "அக்கா! பிள்ளையப் பிடுங்கினது போதாதா, எனக்க படுக்கிற முறியையும் பிடுங்கணுமா?"

கிளாராவின் பதில், யாரோ கடற்கரையில் நின்று கத்துவதுபோல் மெலிந்து வந்தது.

"ஏட்டி, நீதான தள்ளுத! இங்க அலமாரியத் திறக்க எடமில்ல!"

இங்கேயும் குறைகிறது. அங்கேயும் குறைகிறது. அப்படியானால் கூடுவது எது?

ஜிஷா சுவரில் காதை ஒட்டி நின்றாள். "அம்மா, பெரியம்மா எதுக்கு தூரமா போறாவ?"

"போனா போட்டு! வா இங்க!"

ஆண்கள் கடலில். யாரைக் கேட்பது? இது கிளாராவின் வேலைதான், வேறென்ன. அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டால்தான் அவளால் நிற்க முடிந்தது. கடப்பாரையை எடுத்து இடித்தாள். அந்தப் பக்கமும் இடி கேட்டது. இவள் ஓங்கி இடிக்க இடிக்க, அது இன்னும் தொலைவில் விழுந்தது.

இரண்டு செங்கல் பெயர்ந்தன. பிறகு நான்கு. சில்லென்ற காற்று முகத்தில் அடித்தது.

உள்ளே வழி நீண்டு கிடந்தது. தரை, கூரை, இரு பக்கமும் பூசாத சுவர். நீண்டு, நீண்டு. கோடியில் ஒரு வெளிச்சப் பொட்டு. அதற்குள் கிளாராவின் முகம்.

"பெரியம்மா!"

லிஜாவின் கைக்கடியில் நுழைந்து ஜிஷா ஓடினாள்.

"ஏட்டி, நில்லு! அவகிட்ட போவாத!"

அப்போதும் அதுதான் வாயில் வந்தது. பிள்ளை நின்றாள். திரும்பினாள். முகத்தில் அழுகை.

"வா மக்கா. அம்மகிட்ட வா."

ஜிஷா ஓடிவந்தாள். ஓடினாள். கால்சத்தம் கேட்டது. கிட்டே வரவில்லை. லிஜா ஓட்டைக்குள் பாய்ந்தாள். தோள் நுழையவில்லை. மறுபடியும் இடித்தாள். செங்கல் அசையவில்லை. கை மட்டும் உள்ளே போனது. காற்றைப் பிடித்தது.

பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி ஓடினாள். அங்கேயும் சேரவில்லை.

"லிஜா!" கோடியிலிருந்து நூலாக ஒரு குரல். "எனக்கு வேண்டாம்ட்டி! பிள்ளைய நீயே வச்சுக்கோ! கூப்பிடு!"

"என்னால முடியல அக்கா! நீங்க கூப்பிடுங்க! ஒங்க பிள்ளதான்! கூப்பிடுங்க!"

இரண்டு ஓட்டையிலிருந்தும் இரண்டு கைகள் நீண்டிருந்தன. நடுவே ஜிஷா இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் இன்னும் கொஞ்சம் சிறியவளாக.