நாற்பத்தாறு மைல் வேகத்தில் ஒரு சாட்சி

"ஆ...ஆ...ஆ!"

செவ்வாய்க்கிழமை காலை மணி பதினொன்று. அந்த ஒரே அலறலோடு டெரிக் ஹாஸ்லமின் கதை முடிந்தது. தக்காளிச் செடிகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் அவருடைய மண்வெட்டியே கிடந்தது.

கொன்றது யார் என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பிலிப்பா டிரிங்க்வாட்டர்தான்!

வயது ஐம்பத்தெட்டு. நெதர் கோர்ஸ்லி கிராமத்து வேகக் கண்காணிப்புக் குழுவின் தலைவி. மஞ்சள் சட்டையும், கையில் வேகம் அளக்கும் கருவியுமாக மழையிலும் குளிரிலும் ரோட்டோரம் நிற்பவள். முப்பது மைலுக்கு மேல் எவன் போனாலும் நம்பரைக் குறித்துப் போலீசுக்கு அனுப்பிவிடுவாள்.

டெரிக் தினமும் ஐம்பத்திரண்டில் போவார். போகிறபோது பிலிப்பாவுக்குக் காற்றிலே ஒரு முத்தம் வேறு!

போன வாரம் அதே வேகத்தில் அவளுடைய பூனை மேல் காரை ஏற்றிவிட்டார். "குறுக்கே வந்தா நான் என்ன பண்றது?" என்றார். நிறுத்தக்கூட இல்லை. அன்றைக்கே பிலிப்பா முடிவு செய்துவிட்டாள்.

இப்போது வியாழன், மாலை மூன்று மணிக்கு இன்னும் சில நிமிடம். பிலிப்பாவின் சமையலறையில் இன்ஸ்பெக்டர் ப்ராஸர் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"மூணாவது தடவையா கேக்கறேன் மேடம். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"சொல்ல முடியாது."

"ஊரே கேக்க, 'உன்னை ஒழிச்சுடறேன்டா'ன்னு டெரிக்கைப் பார்த்துக் கத்தியிருக்கீங்க. இப்ப வாயத் திறக்கலைன்னா ஸ்டேஷனுக்குத்தான் போகணும்."

பிலிப்பா ஸ்கோன் என்கிற பன்னுக்கு மாவு பிசைந்தாள். கண் மட்டும் கடிகாரத்தில் இருந்தது.

'அடி... அடிச்சுத் தொலை...'

ட்ரிங்... ட்ரிங்...!

"அய்யோ, கையெல்லாம் மாவு! இன்ஸ்பெக்டர், அந்த ஸ்பீக்கர் பட்டனைக் கொஞ்சம் அமுக்குங்களேன்!"

அமுக்கினார்.

"வணக்கம் மேடம், கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலேருந்து கேரிஸ் பேசறேன். மூணு மணிக்குக் கூப்பிடச் சொல்லியிருந்தீங்க. இந்த அழைப்பு பதிவாகுது. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அஞ்சு வருஷத்துல ஏதாவது போக்குவரத்துத் தண்டனை... இல்ல, நிலுவையில இருக்கிற குற்றம் ஏதாவது உண்டா?"

பிலிப்பா இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். உதடு நடுங்கியது. நாடகக் குழுவில் இருபது வருடம் நடித்தவள் அல்லவா!

"மேடம்? இருக்கீங்களா?"

"இரு...க்கு."

"லைன்ல இருக்கீங்களா, குற்றம் இருக்கா?"

"ரெண்டும்!" என்று தேம்பினாள். "செவ்வாய்க்கிழமை... காலைல பதினொண்ணு நாலுக்கு. மார்ஷ்பரி பாலத்துக்கிட்ட... முப்பது மைல் ரோட்டுல... நாப்பத்தாறு! கேமரா பளிச்சுன்னு அடிச்சுது!"

இன்ஸ்பெக்டரின் டீ கோப்பை பாதி வழியில் நின்றது.

"போலீஸ் லெட்டர் வந்துடுச்சா மேடம்?" என்றாள் கேரிஸ்.

"இன்னும் வரலை."

"லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்ட முதல் ஆள் நீங்கதான்!" கேரிஸின் குரலில் பரவசம். "மறைச்சா அப்புறம் பாலிசி செல்லாமப் போயிடும்னு சொல்லிச் சொல்லி எங்க தொண்டை வத்துது, யாரு கேக்கறா? ஒரு நிமிஷம், எங்க சூப்பர்வைசரைக் கேட்டுட்டு வரேன்."

ஸ்பீக்கரில் பியானோ இசை வழிந்தது.

"மேடம்..." ப்ராஸர் எழுந்தே விட்டார். "மார்ஷ்பரி இங்கேருந்து இருபத்தஞ்சு மைல்! பதினொண்ணு நாலுக்கு அங்க இருந்தவங்க பதினோரு மணிக்கு இங்க கொலை பண்ணியிருக்கவே முடியாதே! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்வேன்? இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அபராதம் வாங்கிக் கொடுத்தவ நான். வேகமாப் போனேன்னு ஒத்துக்கறதுக்குக் கொலை கேஸ்ல உள்ள போறதே மேல்!"

இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், நல்ல மனுஷன்.

"நம்பறேன் மேடம். ஆனாலும் சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்கே. கேமரா ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"தாராளமா!" என்றாள் பிலிப்பா. சந்தோஷத்தில் குதிக்கலாம் போல இருந்தது அவளுக்கு. அந்தக் கேமரா வண்டியின் பின்பக்கத்தை மட்டும்தான் படம் பிடிக்கும். நம்பர் தெரியும், ஓட்டுகிறவர் முகம் தெரியாது. அவள் டெரிக்கின் தோட்டத்தில் மண்வெட்டியைத் தூக்கிய நேரத்தில், அவளுடைய காரை ஓட்டிப்போனது கணவன் பார்னபி.

"கேமரா வேலை செய்யுதான்னு சோதிக்கணும். நாப்பத்தாறுல போ, வெளியில மூச்சு விடாதே" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பார்னபி எதையும் திருப்பிக் கேட்கிற ஜாதி இல்லை. திரும்பி வந்து, "அடிச்சுதும்மா" என்றான். அவ்வளவுதான். இனி அவளை எவன் தொட முடியும்!

ப்ராஸர் தன் செல்போனில் பேசினார். கேட்டார். முகம் சுருங்கியது.

"நல்லாப் பார்த்தீங்களா? ...சரி."

போனை வைத்தார்.

"மேடம், கேமரா நல்லாத்தான் வேலை செய்யுது. அன்னிக்குக் காலைல ஏழு பேர் சிக்கியிருக்காங்க. உங்க வண்டி அதுல இல்லை."

"இருக்கும்! சரியாப் பார்க்கச் சொல்லுங்க!"

"ரெண்டு தடவை பார்த்தாச்சு. உங்க வண்டி அங்க வேகமாப் போகவே இல்லை."

பிலிப்பாவுக்குத் தலை சுற்றியது. சுற்றிய தலைக்குள் ஒரே ஒரு நினைப்பு. கோபம் மண்டைக்கு ஏறியது. இன்ஸ்பெக்டர் எதிரே இருப்பதே மறந்து போனது.

"பார்னபீ...!"

தோட்டத்திலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தான் பார்னபி.

"நாப்பத்தாறுல போனேன், கேமரா அடிச்சுதுன்னு சொன்னியே! எத்தனைல போனே? உண்மையைச் சொல்லு!"

பார்னபி தரையைப் பார்த்தான்.

"இருபத்தொம்போதும்மா."

"என்னது!"

"நான் என்ன பண்ணுவேன் பிலிப்பா? மூணு தடவை சுத்தி வந்தேன். கேமராவைப் பார்த்தாலே கால் தானா பிரேக்குக்குப் போயிடுது. முப்பத்தொண்ணு போனாலே சோத்துல கை வைக்க விடமாட்டியே... இத்தனை வருஷப் பழக்கம்மா! நீ திட்டுவேன்னு பயந்துதான் அடிச்சுதுன்னு சொல்லிட்டேன்."

சமையலறையில் பியானோ மட்டும் கேட்டது.

ப்ராஸர் மெதுவாகக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்போ... செவ்வாய்க்கிழமை கார்ல போனது இவரா?"

பிலிப்பா வாயைப் பொத்திக்கொண்டாள். மாவு முகமெல்லாம் அப்பியது. பொத்த வேண்டிய நேரம் ஒரு நிமிடம் முன்னாலேயே போய்விட்டது. ப்ராஸர் விலங்கை எடுத்தார்.

பியானோ சட்டென்று நின்றது.

"காக்க வெச்சதுக்கு மன்னிக்கணும் மேடம்!" உற்சாகமாகத் திரும்பி வந்தாள் கேரிஸ். "உங்க நேர்மையைப் பார்த்து சூப்பர்வைசரே அசந்துட்டார். அப்போ, நிலுவையில இருக்கிறது அந்த ஒரு குற்றம்தானே?"

ப்ராஸர் போன் பக்கம் குனிந்தார்.

"அதை அடிச்சிடும்மா, வேற ஒண்ணு எழுதிக்கோ. இவங்க வேகமாப் போகலை... இன்னொருத்தரைத்தான் வேகமா மேல அனுப்பியிருக்காங்க!"