வாசலை நோக்கிய தடங்கள்

இடைகழிக் கம்பளத்தின் மயிர் ஓரிடத்தில் எதிர்ப்பக்கமாகப் படிந்திருந்தது. காலையில்தான் மெலாஹத் அதை ஒரே பக்கமாகச் சீவிவிட்டிருந்தாள். இடைகழி நீளத்துக்கும் சிவப்பும் மங்கிய நீலமுமாகக் கிடந்த அந்தப் பழைய கைமுடிச்சுக் கம்பளத்தில், ஈரக் கம்பளி வாடைக்கு நடுவே, சின்னதாக ஒரு ஷூ தடம்.

"யாருங்க இது மேல ஷூவோட நடந்தது?"

கணவன் ரெஃபிக் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "நம்ம கைசேரி ஊர்ல எவன்டி ஷூவோட வீட்டுக்குள்ள வருவான்? எங்கம்மா ஆவியா வந்தாக்கூட வாசல்ல கழட்டிட்டுத்தான் வருவா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மகள் சிதெம் காய்ச்சலில் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டை மாற்றினால் மனசு மாறும் என்று அவன்தான் சந்தையெல்லாம் அலைந்து இதை வாங்கி விரித்தான், சுவரில் புது விளக்கும் மாட்டினான். குழந்தை ஓடிய மரத்தரை மறைந்ததுதான் மிச்சம்.

மறுநாள் தடங்கள் அதிகமாயின. எல்லாம் படுக்கையறை அலமாரியிலிருந்து தெருக்கதவை நோக்கியே போயின. கதவடியில் மட்டும், யாரோ நின்று நின்று கால் மாற்றியதுபோல மயிர் கலைந்து கிடந்தது.

அன்று நாத்தனார் பெதியா வந்தாள். "அண்ணி, நம்ம வழக்கப்படி பாப்பா ஷூவ வாசலுக்கு வெளிய வச்சீங்கல்ல? இல்லாதவங்க யாராவது எடுத்துட்டுப் போனாத்தான் அது நிம்மதியாப் போகும்."

"வச்சேன்."

பொய். சிவப்பு ஷூ அலமாரியில், தலையணை உறைக்குள் இருந்தது. தினமும் அதை முகர்ந்துதான் அவள் தூங்கினாள்.

பிற்பகலில் பனி கொட்டியது. ரெஃபிக் கடைக்குப் போயிருந்தான். மெலாஹத் ஷூவை எடுத்துப்போய் வாசல்படிக்கு வெளியே ஜோடியாக வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

பின்னால் அலமாரிக் கதவு முனகியது.

கம்பளத்தில் மயிர் அமுங்கியது. இந்த முறை வெறுங்கால். ஐந்து விரல்களும் தெரிந்தன. ஓடி வந்தது. பாவாடையை ஒரு குளிர் உரசிக்கொண்டு போனது. கதவடியில் ஒரு சின்னச் சிரிப்பு, தெருவில் விளையாட விட்டால் சிரிப்பாளே, அதே சிரிப்பு.

போகப்போகிறாள். இனி வரமாட்டாள்.

"வேணாம்டா கண்ணு. அம்மாவ விட்டுட்டுப் போகாத."

கதவைத் திறந்தாள். ஷூவைப் பறித்தாள். தாழ்ப்பாள் போட்டாள். மார்போடு இறுக்கியபடி கம்பளத்திலேயே சரிந்தாள்.

சிரிப்பு நின்றது.

தடங்கள் மெல்லத் திரும்பின. ஒவ்வொன்றாக. அவள் மடிவரை.

கையிலிருந்த ஷூ கனத்தது. உள்ளே ஏதோ நிறைந்தது. சில்லென்று, ஈரமாய், மண் வாடையோடு. பிஞ்சு விரல்கள் அசைந்தன. பிறகு உதைத்தன. கதவைப் பார்த்து, விடு விடு என்று உதைத்தன.

மெலாஹத் விடவில்லை. அழுதுகொண்டே ஷூவின் வார்களை இழுத்து இறுக்கிக் கட்டினாள்.