பதினோரு கிலோமீட்டர் பொய்

மெத்தைக் கம்பெனி முதலாளி மெத்தை மேல்தான் கிடந்தார்.

ஆனால் தூங்கவில்லை!

பின்மண்டையில் அடி. பக்கத்தில் இரும்புக் கம்பி. ஊருக்கு வெளியே இருந்த அவருடைய பழைய குடோனில், பகல் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் கதை முடிந்துவிட்டது.

அது நேற்று.

இன்று காலை பத்து மணிக்கெல்லாம் கொலைகாரன் லாக்கப்பில் இருந்தான். இன்ஸ்பெக்டருக்கு அதுதான் உறுத்தியது. பதினைந்து வருஷ சர்வீஸில் எந்தக் கேஸும் அவளிடம் இவ்வளவு நல்லபிள்ளையாக நடந்துகொண்டதில்லை.

"மேடம், நாலு மணிக்குக் கோர்ட்டு. பேப்பரெல்லாம் ரெடி," என்றார் ஏட்டு.

"இன்னொரு தரம் சொல்லுங்க ஏட்டையா. அந்த டிரைவரை எதுக்குப் பிடிச்சோம்?"

"மீட்டர் மேடம்! கம்பெனி பிக்கப் வண்டி வெளிய போகும்போதும் உள்ள வரும்போதும் வாட்ச்மேன் மீட்டரையும் மணியையும் பாத்து நோட்டுல எழுதுவாரு. டவுன் கடைக்கு லோடு எறக்கிட்டு வந்தா நூத்திப் பத்து கிலோமீட்டர். வருஷக்கணக்கா அதேதான். நேத்து மட்டும் நூத்தி இருபத்தொண்ணு!"

"பதினொண்ணு அதிகம்..."

"மெயின் ரோட்டுலேர்ந்து பழைய குடோன் அஞ்சரை கிலோமீட்டர். போக வர எவ்வளவு?"

"பதினொண்ணு."

ஏட்டு மீசையைத் தடவிக்கொண்டார். ஏதோ அவரே அளந்துவிட்டு வந்தது போல!

"நோட்டைக் கொண்டுவந்து காட்டினது யாரு?"

"மேனேஜர். முதலாளிக்கு மச்சான். முதலாளியோட தம்பி, அதான் சின்னவர், அவருதான் பாவம். 'டிரைவர் தங்கமான ஆளு, விட்டுடுங்க'ன்னு வாசல்ல நின்னு அழுதாரு."

மேனேஜர்...

அவள் தாளில் அந்த வார்த்தையை எழுதி வட்டம் போட்டாள்.

லாக்கப்பில் டிரைவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கம்பெனியில் அவன் பெயர் 'அறுபது'. வண்டியை அறுபதுக்கு மேல் ஓட்டவே மாட்டான். வெளி பெஞ்சில் அவன் மனைவி. நிறைமாசம். மடியில் ஒரு பை, பைக்குள் அவனுக்கு மாற்றுச் சட்டை. இன்ஸ்பெக்டர் அவளை நிமிர்ந்து பார்க்காமலே கடந்து வந்தாள். பார்க்கத் தைரியம் வரவில்லை.

"வழியில எங்க திரும்பின?"

"எங்கயும் திரும்பல மேடம். நேரா போனேன், நேரா வந்தேன்."

"பதினோரு நிமிஷம் லேட்டா வந்திருக்கியே!"

"அதான் எனக்கும் புரியல. முள்ளு அறுபதைத் தாண்டல. அறுபதுக்குக் கீழயும் எறங்கல. என்னிக்கும் போற மாதிரிதான் போனேன்..."

"கேட்டீங்களா மேடம்? லேட்டுன்னு அவனே ஒத்துக்கறான்!" என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"அறுபதுல போனா ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம்."

"பதினோரு கிலோமீட்டருக்கு?"

"பதினோரு நிமிஷம். கணக்கு கச்சிதமா இருக்கே!"

"அப்ப கொலை பண்ண நேரம் எங்க ஏட்டையா? வண்டிய நிறுத்தாமலே ஜன்னல் வழியா அடிச்சிட்டு வந்தானா?"

ஏட்டின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"நேத்து வண்டில ஏதாவது புதுசா இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"டயர்தான் புதுசு மேடம். காலைல வந்து பாத்தேன், நாலு சக்கரமும் மாத்தியிருந்துச்சு. ஆபீஸ்ல மாத்தியிருப்பாங்கன்னு நினைச்சேன். தினமும் கால எட்டித் தூக்கி வச்சு ஏறணும், நேத்து சுளுவா ஏறினேன்."

"இதை ஏண்டா முன்னாடியே சொல்லல?"

"யாரும் கேக்கலையே மேடம்..."

கம்பெனி பூட்டிக் கிடந்தது. எல்லோரும் துக்க வீட்டில். வாசலில் ஒரு கான்ஸ்டபிள் மட்டும் காவல். உள்ளே ஷெட்டின் ஒரு பாதியில் பிக்கப் வண்டி. மறுபாதியில் கூரையைத் தொடும் மெத்தை அடுக்குகள்.

மூலையில் நாலு மெத்தைகள் தனியாகக் கிடந்தன. ஏட்டு ஒன்றின் மேல் சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் எழுந்தார்.

"இதெல்லாம் ஒரு மெத்தையா மேடம்? முதுகுல குத்துது!"

"படுக்கணும்னா வண்டிக்கு அடியில படுங்க. ஸ்டெப்னி இருக்கான்னு பாருங்க."

ஏட்டு தொப்பையோடு போராடி உள்ளே நுழைந்தார்.

"இருக்கு மேடம்... பழைய டயர்தான்!"

அவள் தையல் மெஷினிலிருந்து தடித்த நூலை உருவி நீட்டினாள். ஸ்டெப்னியைச் சுற்றி ஒரு சுற்று. வெட்டினார்கள். அதே நூலை வண்டியில் மாட்டியிருந்த டயரைச் சுற்றிப் பிடித்தாள்.

ஒரு சாண் நூல் மிச்சம்!

"புது டயர் சின்னது," என்றாள்.

"சின்னதா இருந்தா என்ன மேடம்?"

"மீட்டருக்கு ரோடு தெரியாது ஏட்டையா. சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு மட்டும்தான் எண்ணும். நானும் நீங்களும் ஒரே தெருவுல நடந்தா யாரு அதிக எட்டு வைப்பாங்க?"

"நான்தான். குள்ளம்."

"அதான்! பத்து கிலோமீட்டர் ஓடினா இது பதினொண்ணுன்னு காட்டும். நூத்திப் பத்து ஓடினா நூத்தி இருபத்தொண்ணு. முள்ளு அறுபது காட்டினாலும் வண்டி அம்பத்தஞ்சுகூடப் போகாது. அதான் லேட்டு. அவன் எங்கயும் திரும்பல!"

"அப்ப யாரோ வேணும்னே..."

"பழைய சக்கரத்தை மறுபடி மாட்டிட்டா யாருக்கும் தெரியாது. அதுக்குள்ள நாம வண்டிக்குக் காவல் போட்டுட்டோம். அந்த நாலும் இங்கதான் எங்கயோ இருக்கு."

மணி ஒன்று.

துக்க வீட்டில் மேனேஜரும் சின்னவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மூணு மணிக்கு ஒரு நிபுணர் வந்து மீட்டரைச் சோதிப்பாரு. சும்மா ஃபார்மாலிட்டிதான்," என்றாள் இன்ஸ்பெக்டர். அப்புறம் ஏட்டிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, "கம்பெனி வாசல்ல நிக்கற கான்ஸ்டபிளைச் சாப்பிட அனுப்பிடுங்க, பாவம்."

மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். "நல்லா சோதிங்க மேடம்! அவனைச் சும்மா விடக் கூடாது!"

சின்னவர் கண் கலங்கினார். "அந்தப் பிள்ளை பண்ணியிருக்க மாட்டான் மேடம். அவன் பொண்டாட்டிக்கு இது மாசம்..."

வெளியே வந்ததும் அவள் கிசுகிசுத்தாள். "மேனேஜருக்கு எப்படி வேர்த்துது பாத்தீங்களா?"

"எனக்கும்தான் வேர்த்துது. அங்க ஃபேன் ஓடல மேடம்."

ஒன்று நாற்பது. ஷெட்டில் மெத்தை அடுக்குக்குப் பின்னால் இரண்டு பேரும் ஒடுங்கி நின்றார்கள். நாலு மணிக்கு டிரைவர் கோர்ட்டில் நிற்க வேண்டும். யாரும் வராவிட்டால்...?

கிறீச்...

பின்கதவு!

ஜாக்கியை இழுத்துக்கொண்டு ஓர் உருவம் வந்தது. மூலைக்குப் போனது. தனியாகக் கிடந்த மெத்தையில் கத்தியைச் செருகி, சர்ர்ரெனக் கிழித்தது. பஞ்சு பறந்தது. உள்ளே கையை விட்டு...

ஒரு சக்கரத்தை இழுத்தது!

"மேடம்... நான் படுத்த மெத்தை!" என்று ஏட்டு கிசுகிசுத்தார்.

அவள் பாய்ந்து முன்னால் வந்தாள். துப்பாக்கி நீண்டது. "கையைத் தூக்குங்க மேனே..."

வாக்கியம் பாதியில் நின்றது.

மேனேஜர் இல்லை.

சின்னவர்!

கத்தி தரையில் விழுந்தது.

"இருபது வருஷம் மேடம்!" சின்னவர் அலறினார். "தையல் பிரிவுல நாயா உழைச்சேன். அண்ணன் கூப்பிட்டு, 'இந்த மாசத்தோட கெளம்பு, இனிமே மச்சான் பாத்துப்பான்'னாரு..."

"சரி. டிரைவர் உங்களுக்கு என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல. அந்த நேரத்துக்கு அந்த வழியா அவன்தான் போவான்..."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த பெஞ்சு, அந்தப் பை, அந்த மாற்றுச் சட்டை! ஓங்கி அறையத் தூக்கிய கையை மிகுந்த சிரமப்பட்டு இறக்கினாள்.

"நாலு சக்கரம் மாத்தத் தெரிஞ்ச உங்களுக்கு அஞ்சாவது சக்கரம் ஞாபகம் வரல பாருங்க!"

நாலு மணிக்கு டிரைவர் ஸ்டேஷன் படியிறங்கினான், மாற்றுச் சட்டையில். மனைவி அவன் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. இந்த முறை இன்ஸ்பெக்டர் அவளை நேராகப் பார்த்தாள்.

ஏட்டு பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினார்.

"மேடம்... அந்த மெத்தைல ஏதோ கோளாறுன்னு மொதல்ல சொன்னது நான்தான். அதை ரிப்போர்ட்ல எழுதுவீங்கல்ல?"

"கண்டிப்பா எழுதறேன் ஏட்டையா... டியூட்டி நேரத்துல படுத்திருந்தார்னு!"