கடைசியில் நீளும் குரல்

தோளில் யாரோ தட்டினார்கள்.

அவள் கண்ணைத் திறந்தாள். ஆல்பக் கடையில் பாட்டைக் கேட்டுப் பார்க்க வைத்திருந்த மிஷினின் பெரிய ஹெட்போனுக்குள் வயலின்களும் கிடார்களும் இன்னும் இடித்துக்கொண்டிருந்தன. எதிரே ஒரு தாடி... தாடிக்கு மேலே கோபமான இரண்டு கண்கள். வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றினாள்.

"...மத்தவங்களும் கேக்கணும்ல? எவ்வளவு நேரமா நிக்கிறேன் தெரியுமா?"

"நின்னா என்ன? கால் இருக்குல்ல?"

சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இப்படி வெடுக்கென்று யாரிடமாவது பேசி எத்தனை காலமாயிற்று...

"கால் இருக்குங்க. லஞ்ச் நேரம்தான் இல்ல. அதுவும் நீங்க முழு ஆல்பத்தையும் கேட்டாக்கூட மனசு ஆறும். கடைசிப் பாட்டோட கடைசித் துண்டை மட்டும் போட்டுத் தேய்க்கிறீங்க! முன்னாடி எத்தனை இருக்கு... ஆர்க்கெஸ்ட்ரா ஒரு பக்கம் அழுவுது, டிரம்ஸ் இன்னொரு பக்கம் சண்டைக்கு நிக்குது, நடுவுல ஒரு பொண்ணு வானத்தைப் பிளக்கிற மாதிரி பாடுது. சிம்பொனிக் மெட்டல்னா அதுதாங்க. அத்தனையும் விட்டுட்டு முடிவை மட்டும் கேக்கறது, கதைப் புத்தகத்துல கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்கிற மாதிரி!"

"எனக்கு இந்தச் சத்தமே பிடிக்காது."

"பிடிக்காமத்தான் தினமும் வந்து மிஷினைக் கட்டிப்பிடிச்சுக்கறீங்களா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைக் கண்ணாடிக்கு வெளியே மழை சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. அவள் கண்களும் மெல்ல நிறைந்தன... நிறைந்த நீர் விழாமல், இமை ஓரத்தில் தயங்கி நின்றது.

தாடிக்காரன் பதறிப்போனான். "ஐயோ... நான் சும்மா விளையாட்டுக்கு..."

"இதுல என் தங்கச்சி பாடியிருக்கா," என்றாள் அவள். "இப்ப அவ இல்ல."

அவனுடைய கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அந்த இசைக்குழு தன் ரசிகர்களிடம் ஒன்று கேட்டிருந்தது. கடைசிப் பாட்டின் முடிவில் வார்த்தையே இல்லாத ஒரு நீண்ட 'ஆ...' வரும். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அதைப் பாடிப் பதிவுசெய்து அனுப்புங்கள், எல்லாக் குரலையும் சேர்த்து ஒரே கோரஸாக்குகிறோம் என்று. ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தன. அதில் ஒன்று அவள் தங்கையுடையது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எதிரொலி நன்றாக வருகிறதென்று அங்கே நின்று பாடி அனுப்பினாள் சின்னவள். ஆல்பம் வெளிவருவதற்குள், கல்லூரிக்குப் போகும் வழியில் ஒரு லாரி அவளையும் அவள் போனையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது.

"வீட்டுல போன்ல கேட்டா ஒண்ணும் பிரிச்சுத் தெரியல. பெரிய ஹெட்போன்ல கேட்டா ஒவ்வொரு குரலும் தனியா வரும்னு அவ சொல்வா. அதான்..." அவள் ஹெட்போனை அவனிடம் நீட்டினாள். "நீங்க கேளுங்க. எனக்குக் கிடைக்கவே இல்ல."

அவன் வாங்கிக்கொள்ளவில்லை. ஆயிரம் குரலில் ஒரு குரலைப் பிரிக்க முடியாது... கடலில் கரைத்த உப்பை யார் பிரித்தெடுப்பது? அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அந்தக் கண்கள்... மழையில் நனைந்த ஜன்னல் மாதிரி, உள்ளே யாரோ விளக்கை ஏற்றிவைத்துக் காத்திருப்பது மாதிரி...

"தங்கச்சி குரல் எப்படி இருக்கும்?" என்று கேட்டான்.

"மெல்லிசா இருக்கும். மூச்சை நல்லா இழுத்துப் பிடிப்பா."

"இடது காதுல மட்டும் கவனிங்க. எல்லாரும் நிறுத்தின பிறகு ஒரே ஒரு குரல் கொஞ்சம் நீளும்... மெல்லிசா, விடமாட்டேன்னு அடம் பிடிக்கிற மாதிரி."

அவள் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டாள். இருந்தது! இத்தனை நாள் எப்படித் தவறவிட்டாள்? எல்லோரும் அடங்கிய பிறகு அந்த ஒரு குரல்...

"அதுவா?"

"அதுதான்," என்றான்.

அன்றைக்கே அந்த டிஸ்கையும் ஒரு பெரிய ஹெட்போனையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டினாள். அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு மகள் முகத்தைப் பார்த்தாள்.

"ம்... அவதான்," என்றாள் அம்மா. அன்று இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வலிக்காமல் ரத்தம் எடுப்பாள் என்று பெயர். ஒரு நாள் காலை, அடுத்த நபர் என்று கூப்பிட்டால், கறுப்பு டிஷர்ட்டும் அதன்மேல் லிஃப்ட் கம்பெனி சட்டையுமாகத் தாடி வந்து உட்கார்ந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"என்ன டெஸ்ட்?"

"கொழுப்பு எவ்வளவு இருக்குன்னு பாக்கணும்."

"அதுக்கு ரத்தம் எதுக்கு? பேச்சுலயே தெரியுதே!"

வாய்விட்டுச் சிரித்தான். ஆனால் ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டான். 'அந்தரத்துல தொங்கி வேலை பாக்குற ஆளு... ஊசிக்குப் போய் இப்படி நடுங்குது பார்!' அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தவுடனே குற்றம் செய்தவள்போல் நிறுத்திக்கொண்டாள். தங்கை போன வீட்டில் சிரிக்கலாமா?

"முடிஞ்சுதா?" என்றான், கண்ணைத் திறக்காமல்.

"அப்பவே முடிஞ்சுது. கையை விடுங்க."

பஞ்சை அழுத்திப் பிடித்திருந்த அவள் விரல்களை அவன்தான் பற்றிக்கொண்டிருந்தான்...

அதன்பின் அவன் வேறு வேறு சாக்கோடு வந்தான். சில நாள் சாக்கே இல்லாமல் வந்தான். காலையில் அவள் வீட்டுத் தெருமுனையில் காத்திருந்து, பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடப்பான். அவள் கேட்காமலேயே ஆல்பத்தின் ஒவ்வொரு பாட்டையும் விளக்குவான். மெல்ல மெல்ல அந்தச் சத்தத்துக்குள் இருந்த அழுகை அவளுக்கும் கேட்கத் தொடங்கியது. ஒன்று மட்டும் விசித்திரம். கடைசிப் பாட்டைப் பற்றி அவள் பேச்செடுத்தால் அவன் வேறு பக்கம் பார்ப்பான். என் துக்கத்தை மதிக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ரசிகர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆல்பக் கடையின் மாடியில், பெரிய ஸ்பீக்கர்களை வைத்து முழு ஆல்பத்தையும் சேர்ந்து கேட்பார்களாம். "வேணாமே... ரொம்ப நெரிசலா இருக்கும்," என்றான் அவன். "என் தங்கச்சி இருந்தா முதல் ஆளா நின்னிருப்பா. நான் வருவேன்," என்றாள் இவள்.

போனாள். அறை முழுக்கக் கறுப்புச் சட்டைகள். வழுக்கைத் தலையோடு ஒரு கணக்கு வாத்தியார், இல்லாத டிரம்ஸை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார். பேக்கரி வைத்திருக்கும் ஓர் அக்கா, இரண்டாவது பாட்டிலேயே அழ ஆரம்பித்து, "இன்னும் அழுற இடமே வரலயே!" என்று பக்கத்திலிருந்தவரிடம் திட்டு வாங்கினாள். முதல் பாட்டுதான் உசத்தி, நான்காவதுதான் உசத்தி என்று இரண்டு பேர் அடிதடிக்குப் போகாத குறை. இவர்கள்தான் சின்னவளின் ஆட்கள் என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு கனத்தது... இனித்தது.

கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். கோரஸ் வந்தது. அறையே பாடியது. அடங்கியது. அந்த ஒற்றைக் குரல் மட்டும் நீண்டது...

"அது என் தங்கச்சி!" என்றாள் அவள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அந்தக் கடைசிக் குரல்... என் தங்கச்சி குரல்!"

எல்லோரும் திரும்பினார்கள். கணக்கு வாத்தியார் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இல்லம்மா... அது அந்தப் பாட்டுக்காரியோட குரல். அந்தம்மாவே பேட்டியில சொல்லியிருக்காங்களே... எங்க எல்லாருக்கும் தெரியுமே." பிறகு தாடியைக் காட்டினார். "இவனே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கான்!"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தது.

மாடிப்படியில் இறங்கித் தெருவுக்கு ஓடினாள். மழை பிடித்துக்கொண்டது. அவன் பின்னாலேயே வந்தான்.

"ஒரு நிமிஷம்... நான் சொல்றதைக் கேளுங்க..."

"உங்க பேச்சைக் கேட்டதுதான் தப்பு! இத்தனை நாளா யாரோ ஒருத்தி குரலை என் தங்கச்சின்னு நெனச்சு... எங்கம்மா, தினமும் காலையில எழுந்து அதைக் கேக்கறாங்க, தெரியுமா உங்களுக்கு? பாவம் பாத்துப் பொய் சொன்னீங்களா? உங்க பாவம் எனக்கு வேணாம். இனிமே என் கண்ணு முன்னால வராதீங்க!"

அவன் நின்றுவிட்டான். அதன்பின் வரவே இல்லை. பரிசோதனைக்கூடத்தில் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்த்தாள்... பார்த்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காரும்போதெல்லாம் அவள் அறையை விட்டுப் போய்விடுவாள். கடைசியில் ஒரு மாலை, தாங்காமல் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள். "அம்மா... அது அவ இல்லம்மா. வேற யாரோம்மா..."

அம்மா அவள் தலையை வருடிக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியாதாடி? பெத்தவளுக்கு அது கூடவா தெரியாது? போட்ட அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏம்மா அவதான்னு சொன்னே?"

"அன்னைக்கு உன் முகத்தைப் பாத்தேன். அவ போனதுல இருந்து நீயும் கூடவே போயிட்ட மாதிரி இருந்தே. அன்னைக்குத்தான் திரும்பி வந்தே. எனக்கு ஒண்ணு போச்சு... இன்னொண்ணாவது வேணும்ல?" அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தினமும் கேட்டேனே, அதுல அவளைத் தேடல. நீ ஜன்னல்ல நின்னு அந்தப் பையன் வர்றானான்னு பாப்பே பாரு... அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அன்றிரவு அவள் தூங்கவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. தனக்கு ஏன் தெரியாமல் போயிற்று? பதில் தெரியும். அந்தப் பதிலைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

மறுநாள், அவன் எங்கே வேலை பார்க்கிறான் என்று பேக்கரி அக்காவிடம் கேட்டுக்கொண்டு போனாள். ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது. மூன்றாவது மாடியில் கதவு திறந்து கிடந்தது. குறுக்கே மஞ்சள் தடுப்பு. எட்டிப் பார்த்தாள். சற்றுக் கீழே, நின்றுபோன லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து, அவன் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். தாடி இன்னும் அடர்ந்திருந்தது. இளைத்திருந்தான்.

"உங்களைத்தான்..."

அவள் குரல் அந்த லிஃப்ட் குழிக்குள் மேலும் கீழும் போய்த் திரும்பியது. அவன் நிமிர்ந்தான். கையிலிருந்த ஸ்பேனர் நழுவப் பார்த்தது.

"தடுப்பைத் தாண்டாதீங்க! அங்கேயே நில்லுங்க. நான் வர்றேன்."

"வராதீங்க. அங்கேயே இருங்க. முகத்தைப் பாத்தா எனக்குச் சொல்ல வராது." அவள் தடுப்பின் இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "அம்மாவுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு, அது அவ இல்லன்னு. எனக்குத்தான் தெரியல. ஏன்னு தெரியுமா? எனக்கு... எனக்கு என் தங்கச்சி குரலே மறந்துபோச்சு."

கீழே ஸ்பேனரை மெல்ல வைக்கும் சத்தம் கேட்டது.

"அவ பேசி அனுப்பின மெசேஜெல்லாம் என் பழைய போன்ல இருந்துச்சு. அது கெட்டுப்போச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளா... கொஞ்சம் கொஞ்சமா... போயிருச்சு. அவ சிரிப்பு ஞாபகம் இருக்கு. குரல் இல்ல. கூடப் பொறந்தவளோட குரலை எவளாவது மறப்பாளா? நீங்க எதைக் காட்டியிருந்தாலும் நான் அதுதான்னு சொல்லியிருப்பேன். கோபம் உங்க மேல இல்ல. என் மேல."

அவன் ஏறி வந்தான். தடுப்பை நகர்த்திவிட்டு, கொஞ்சம் தள்ளி அவனும் தரையில் உட்கார்ந்தான்.

"நான் பொய் சொன்னது தப்புதான்," என்றான். "அன்னைக்கே உண்மையைச் சொல்லணும்னு நெனச்சேன். சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்க. போனா மறுபடி பாக்க முடியாது. அந்த மிஷின்கிட்ட நீங்க கண்ணை மூடிக்கிட்டு நிப்பீங்களே, அதைத் தினமும் தூரத்துல இருந்து பாத்தவன் நான். லஞ்ச் நேரம், மத்தவங்க கேக்கணும்... எல்லாம் சும்மா. உங்ககிட்டப் பேச எனக்கு வேற வழி தெரியல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. நானும் அனுப்பினேன்... என் குரலை. கேவலமான குரல், அதான் வெக்கப்பட்டு மறைச்சேன். என் குரலையே நான் எத்தனையோ தடவை தேடிட்டேன். கிடைக்கல. ஆனா உள்ளதான் இருக்கு. உங்க தங்கச்சியும் உள்ளதான் இருக்காங்க. எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது... ஆனா ஒரே மூச்சுல, ஒரே பாட்டுல, நான் உங்க தங்கச்சி பக்கத்துல நின்னு பாடியிருக்கேன். அது மட்டும் பொய் இல்லங்க."

அவள் அழுதாள். ஒரு வருஷமாக இமை ஓரத்தில் தயங்கியதெல்லாம் விழுந்தது. மறைக்கவில்லை, துடைக்கவும் இல்லை. அவன் கிரீஸ் படிந்த கையை நீட்டி, பார்த்துவிட்டு, சட்டையில் துடைத்து, துடைத்தும் போகாமல் விழித்தான். அந்தக் கையை அவளே எடுத்துக்கொண்டாள்.

"வேற யாராவது அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது," என்றாள். "பிடிச்சவங்க சொன்னாத்தான் வலிக்கும்... உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு. அவ இல்லாத வீட்டுல இப்படி ஒரு நெனப்பு வரலாமான்னு தினமும் என்னையே கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பதில் வந்துதா?"

"இல்ல. ஆனா அந்த நெனப்பு போகவும் இல்ல."

கீழ்த்தளத்தில் யாரோ, லிஃப்ட் எப்போது ஓடும் என்று கத்தினார்கள். அவன் அவள் கையை விடவில்லை.

"சாயந்தரம் வீட்டுக்கு வாங்க," என்றாள் அவள், கண்ணீருக்கு நடுவே. "இப்ப சொன்னீங்களே, பக்கத்துல நின்னு பாடினேன்னு... அதை அம்மாகிட்டச் சொல்லுங்க. அவங்க அழுவாங்க. அழட்டும். அழுது முடிச்சதும்... என்னைக் கேளுங்க."

"உங்களையா? என்ன கேக்கணும்?"

"அதையும் நானே சொல்லித் தரணுமா...?"