ஒன்பதாம் அறையின் அழைப்பு மணி

முதியோர் இல்லத்தின் வாசலில் அவள் இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. முன்கூடத்தில் பினாயில் நெடி மூக்கை அடைத்தது. அப்போதுதான் துடைத்த தரையில் அவளுடைய செருப்புத் தடம் ஒவ்வொன்றாகப் பதிந்தது.

முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு உரிமம் தரும் அலுவலகத்தில் அவள் ஆய்வாளர். பதினாறு வருடமாக இதுதான் வேலை. புகார் வந்தால் விசாரிப்பாள், படிவத்தை நிரப்புவாள், கோப்பை மூடுவாள். எந்த இல்லத்துக்குப் போனாலும் தரை ஈரமாகத்தான் இருக்கும். என்றைக்கு வருகிறோம் என்று அலுவலகமே இரண்டு நாள் முன்னால் தெரிவித்துவிடும்.

"நீங்க வர்றீங்கன்னதும் பூந்தொட்டிகூட குளிச்சுட்டு நிக்குது மேடம்," என்று சிரித்தபடி வந்தாள் மேட்ரன். வந்ததும் அவளுடைய அம்மாவைப் பற்றித்தான் விசாரித்தாள்.

அம்மா பக்கவாதத்தில் விழுந்து ஏழு மாதமாகிறது. பகலில் பார்த்துக்கொண்ட பெண்ணும் போன வாரத்தோடு நின்றுவிட்டாள். காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தால், மாலையில் திறக்கும்வரை அம்மா நனைந்த துணியில் கிடப்பாள். தம்பி போனில் அழுவதோடு சரி. இந்த இல்லத்தில் ஒரு கட்டிலுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அவள் காத்திருந்தாள். அது மேட்ரனுக்கும் தெரியும்.

கையிலிருந்த கோப்பில் இரண்டு கடிதங்கள் இருந்தன.

முதலாவது, ஐந்து மாதத்துக்கு முன் ஒன்பதாம் அறையில் இருந்த கணக்கு டீச்சர் எழுதியது. மணி அடித்தால் யாரும் வருவதில்லை, வந்தால் ஏன் அடித்தாய் என்று தொடையில் கிள்ளுகிறார்கள் என்று சாய்ந்த எழுத்தில் இருந்தது. கடைசி வரியின் அடியில் அளவுகோல் வைத்து இரண்டு கோடு: இந்தக் கடிதத்தை இல்லத்துக்கு அனுப்பிவிடாதீர்கள்.

அவள் அனுப்பினாள்.

அதுதான் நடைமுறை. புகாரை அப்படியே இணைத்து, ஏழு நாளில் விளக்கம் தரச் சொல்லி இல்லத்துக்கே எழுத வேண்டும். பெயரையும் அறை எண்ணையும் மறைக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். மேஜையில் கோப்புகள் மலையாகக் கிடந்தன, அவள் மறைக்கவில்லை. கோடு போட்ட வரியைப் படிக்காமல் அனுப்பியிருந்தாலாவது பரவாயில்லை. படித்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

விளக்கம் ஐந்தே நாளில் வந்தது. மூன்றாவது வாரம் டீச்சர் போய்ச் சேர்ந்தாள். 'புகார்தாரர் காலமானதால் முடிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது அவளுக்குள் எங்கோ ஒரு நிம்மதி பரவியது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாவது கடிதம் போன வாரம் வந்தது. அதே சாய்ந்த எழுத்து. அதே இரட்டைக் கோடு.

'மணி கைக்கு எட்டவில்லை.'

அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"யாருக்கோ வேலை வெட்டி இல்ல," என்று அதைப் படித்துவிட்டு மேட்ரன் சாவியை எடுத்தாள். ஒன்பதாம் அறை டீச்சர் போனதிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறதாம். புதுசாக வெள்ளையடித்தாகிவிட்டதாம்.

தாதியர் மேஜைக்குப் பின்னால் அறை எண்கள் கொண்ட பலகை இருந்தது. யார் மணியை அழுத்தினாலும் அவர்களுடைய எண் எரியும். இருவரும் கடந்துபோகையில் ஒன்பது எரிந்துகொண்டிருந்தது.

"ஒயர் கோளாறு," என்றாள் மேட்ரன். அங்கே உட்கார்ந்திருந்த தாதி தலை தூக்கவில்லை.

கதவு திறந்ததும் புதுச் சுண்ணாம்பு வாசனை வந்தது. அதற்கடியில் இன்னொன்று, காயாத சிறுநீரும் வியர்வையும். தினமும் மாலை தன் வீட்டுக் கதவைத் திறக்கும்போது வரும் அதே வாசனை.

கட்டிலுக்கு மேலே, நிற்பவரின் தலை உயரத்தில் ஒரு கொக்கி. மணியின் ஒயரைச் சுருட்டி அதில் கட்டி வைத்திருந்தார்கள். நுனியில் சிவப்புப் பொத்தான் தொங்கியது. கூட்டிப் பெருக்க வசதியாக இருக்கும் என்று மேட்ரன் சொன்னாள்.

அவள் சுவரைப் பார்த்தாள்.

தலையணை உயரத்திலிருந்து நகக்கீறல்கள் மேலே ஏறியிருந்தன. நான்கு நான்காக. கொக்கிக்கு ஒரு சாண் கீழே நின்றிருந்தன.

வெள்ளையடிப்புக்கு அடியில் இல்லை. அதன் மேல்.

படுக்கையில் வெண்துகள் உதிர்ந்து கிடந்தது. அவள் விரலால் தொட்டாள். ஈரமாக இருந்தது.

"எலி," என்றாள் மேட்ரன், கேட்பதற்கு முன்பே. பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "இந்தக் கட்டில் காலியாத்தான் இருக்கு மேடம். கோப்பு மூடினா, திங்கக்கிழமையே அம்மாவைக் கூட்டிட்டு வந்துடலாம்."

படிவத்தில் பதினோராவது கேள்வி: அழைப்பு மணி வேலை செய்கிறதா? படுத்திருப்பவரின் கைக்கு எட்டுகிறதா என்று படிவம் கேட்கவில்லை. அவள் நின்றபடியே கையை உயர்த்திப் பொத்தானை அழுத்தினாள். கூடத்தில் மணி ஒலித்தது. பொத்தான் சூடாக இருந்தது, யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த மாதிரி.

'ஆம்' என்று குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை அம்மா வந்தாள். அவளே ஒயரை அவிழ்த்து அம்மாவின் வலக்கையில் பொத்தானை வைத்துவிட்டு, கொக்கியில் மாட்டக்கூடாது என்று மேட்ரனிடம் கண்டிப்பாகச் சொன்னாள். மேட்ரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். புதன்கிழமை பார்க்கப் போனபோது அம்மா கோணிய வாயால் மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர் நல்லவங்கடி. கொஞ்சம் நகர்ந்து படுன்னாங்க."

மருந்து மயக்கம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அம்மா கட்டிலின் விளிம்பில், விழுந்துவிடுவதுபோல் ஒடுங்கிப் படுத்திருந்தாள். மறுபாதித் தலையணையில் ஒரு குழி இருந்தது. அதைத் தட்டிச் சரிசெய்ய அவளுக்குக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை அலுவலக மேஜையில் ஒரு கடிதம் காத்திருந்தது.

சாய்ந்த எழுத்து.

'ஒன்பதாம் அறைக்குப் புதிதாக ஒரு அம்மா வந்திருக்கிறார். மணி அடித்தால் யாரும் வருவதில்லை. அவரையும் கிள்ளுகிறார்கள். அவர் மகள் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறாளாம்.'

கீழே இரட்டைக் கோடு போட்ட வரி:

'இதைத் தாராளமாக இல்லத்துக்கு அனுப்பலாம்.'

கடிதத்தின் மூலையில் அலுவலக முத்திரை இருந்தது. நேற்றைய தேதி. அவள் குமாஸ்தாவைக் கூப்பிட்டாள்.

"வழக்கம்போல நகல் இணைச்சு விளக்கம் கேட்டு அனுப்பிட்டேன் மேடம். நேத்தே ஆள் கொண்டுபோய்க் கொடுத்தாச்சு." ஏதாவது தப்பா என்பதுபோல் பார்த்தார். "நீங்க எப்பவும் செய்யற மாதிரிதான்."

இல்லத்துக்குப் போன் போட்டபோது எண் இரண்டு தடவை தவறியது. மேட்ரனின் குரல் எப்போதும்போல் இனித்தது.

"உங்க அம்மாவுக்கு ஒரு குறையும் இல்ல மேடம். ஆனா பாருங்க, அவங்க சார்பா ஒரு புகார் வந்திருக்கு. விளக்கம்தான் எழுதிட்டிருக்கேன்."

அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"அது யாரு அடிக்கறது?"

"ஒன்பதுதான். ஒயர் கோளாறு. அம்மாவா இருக்காது, நேத்தே சுருட்டி மேலே மாட்டியாச்சு. அவங்க கைக்கு எட்டாது." மேட்ரன் லேசாகச் சிரித்தாள். "நீங்கதானே மேடம் பார்த்து, மணி நல்லா வேலை செய்யுதுன்னு எழுதிக் கொடுத்தீங்க?"

அவள் போனை வைத்தாள்.

மணி நிற்கவில்லை.